ஓர் அயர்லாந்துக் கூரையை நான் கழற்றிய விதம்

நோட்டீசின்படி அன்று மாலை மேடையில் இருந்தவர்கள்: தலைமை, ஊர்த் தலைவர் அவர்கள். முன்னிலை, தேவாலயப் போதகர், வங்கி முகாமையாளர், தொழிற்சாலை இயக்குநர், தீயணைப்புப் படைத் தளபதி, ஆரம்பப் பாடசாலைத் தலைமை ஆசிரியை.

உண்மையில் மண்டபத்தில் இருந்தவர்கள்: நான், சிவபாதம் அண்ணை, அவர் பொரித்த ரோல்ஸுக்காக வந்திருந்த எங்கள் அகதி விடுதிப் பெடியள், டெக்லன், ஓவன், எப்போது பூட்டலாம் என்று திறப்புக் கோர்வையைக் குலுக்கிக்கொண்டு நின்ற மண்டபக் காவலர், லொத்தர் விளையாட்டு என்று நினைத்து வந்து எண் வாசிப்பதற்காகக் காத்திருந்த ஒரு வயோதிபத் தம்பதி. பிறகு முன்வரிசையில், கைப்பையை மடியில் வைத்தபடி கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். (சொல்லாமல் விட வழியிருந்தால் விட்டிருப்பேன்.)

முதல் பட்டியலில் உள்ள ஒருவர்கூட இரண்டாவதில் இல்லை. இதை அன்று யாராவது எனக்குச் சுட்டிக்காட்டியிருந்தால், "அதுக்கென்ன?" என்றுதான் கேட்டிருப்பேன். எங்கள் பக்கத்தில் நோட்டீஸ் என்பது தகவல் அல்ல, மரியாதை. ஒரு வாசிகசாலை ஆண்டு விழா என்றால் ஊரில் உள்ள அதிபர், டாக்குத்தர், கிராமசேவகர், பேருந்துக் கம்பனி முதலாளி எல்லாருடைய பெயரையும் போடுவோம். அவர்கள் வந்தால் சந்தோஷம். வராவிட்டால் கதிரை மிச்சம். பெயரைப் போடாமல் விட்டால்தான் கோபிப்பார்கள், சிலர் வழக்கும் வைப்பார்கள். நோட்டீசில் பெயர் இருக்கிறவர் வரத்தான் வேண்டும் என்று நினைக்கும் மனிதர்கள் உலகத்தில் உண்டு என்பதை நான் எண்பதுகளின் நடுவில், சுவிஸில் லாங்கன்தாலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில்தான் தெரிந்துகொண்டேன். ஊரின் பெயரை எழுதமாட்டேன். அங்கே இன்னும் என்னை ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று ஒரு பயம்.

அப்போது நான் அந்த ஊர்த் தொழிற்சாலை ஒன்றின் சாப்பாட்டுக்கூடத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் ஏ.எல். வரை, அதாவது பல்கலைக்கழக வாசல் வரை, படித்த முதல் ஆள் நான். அப்பா சந்தையில் வாழைக்குலை ஏலம் கூறுகிறவர். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பெருவிரலை வைப்பார். நானோ தர்க்கவியல் பாடத்தில் திறமைச் சித்தி, வெறும் பாஸ் அல்ல. கோப்பை கழுவும்போதுகூட ஒரு திறமைச் சித்திக்காரன் எப்படிக் கழுவுவானோ அப்படித்தான் கழுவுவேன். விடுதியில் எனக்கு 'மாஸ்டர்' என்று பட்டம். அது கேலி என்பது தெரிய எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

டெக்லனும் ஓவனும் அந்தத் தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்த வந்த அயர்லாந்துக்காரர்கள். ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே உதைபந்தாட்டக் கழகம். அயர்லாந்து லீக்கின் அடிமட்டத்தில் பல வருடமாகத் தளராமல் கிடந்த கழகம் அது. (அதன் பெயரையும் எழுதமாட்டேன். என்னால் அதற்கு வந்த துன்பம் போதும்.) எனக்கு ஆங்கிலம் தெரியும் என்றபடியால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் மேசையில் உட்கார்ந்து கதை கேட்பேன். நான் வாழ்க்கையில் ஒரு பந்தையும் உதைத்ததில்லை. உதைக்கிற வயதில் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் படித்தவன் எதைப் பற்றியும் தலையாட்டலாம் என்று அப்போது ஓர் எண்ணம். (டெக்லனின் ஆங்கிலம் இப்போது எங்கள் ஊர்த் தமிழில்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. அதில் அவருடைய பிழை ஒன்றுமில்லை.)

அவர்களுடைய மைதானத்தில் ஒரு பவிலியன் இருந்தது. அதன் தகரக் கூரை துருவேறி, பந்து போய் அடித்தால் கீழே இருப்பவர்களின் தேநீருக்குள் செந்தூள் கொட்டுமாம். லீக்கில் இருந்து ஒரு பரிசோதகர் வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லியிருந்தார்: அடுத்த பருவத்துக்கு முன் இந்த ஆபத்தான கூரைக்கு ஒரு முடிவு காணவேண்டும். காணாவிட்டால் மைதானத்துக்குப் பூட்டு. சொந்த ஆட்டங்களை ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஊரின் மைதானத்தில் ஆடவேண்டும்.

"அக்கரைக்கோ?" என்றார் டெக்லன், ஒவ்வொரு நாளும் அன்றுதான் கேள்விப்பட்டவர்போல. "என்ர அப்பர் அந்தப் பாலத்தை ஒருநாளும் தாண்டினதில்லை. ஆஸ்பத்திரி அக்கரையிலை எண்டபடியா வருத்தம் வந்தும் போகேல்லை. அந்த மனிசன் உயிரோடை இருக்கேக்கை நாங்கள் அங்கை போய் விளையாடுறதோ?"

எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் கோயில் தேர் பழுதென்று சுவாமியைப் பக்கத்து ஊர்த் தேரில் ஏற்றச் சொன்னால் எப்படியிருக்கும்? கத்திக்குத்து நடந்திருக்கும்.

சிக்கல் என்னவென்றால், மைதானத்தைத் திருத்துவது பற்றி இரண்டு பேருக்கும் இரண்டு கொள்கை.

"முதல்லை கூரை," என்பார் டெக்லன்.

"முதல்லை கக்கூஸ்," என்பார் ஓவன். "எங்கட மைதானத்துக்குப் பொம்பிளையள் ஏன் வாறேல்லை? கூரை ஒழுகுதெண்டோ? மழைக்குக் குடை பிடிக்கலாம். மற்றதுக்குக் குடை இருக்கோ?"

"பரிசோதகர் கூரையைத்தானே சொன்னவர்."

"அவர் ஆம்பிளை. சுவருக்குப் பின்னாலை போட்டு வந்திருப்பார்."

டெக்லன் கதையை மாற்றுவார். "சுவிஸ்காரன்ர மைதானத்தைப் பார். ஒவ்வொரு கதிரைக்கும் இலக்கம்."

"இலக்கம் இருக்கு, ஆக்கள் இல்லை. எங்களிட்டை இலக்கமும் இல்லை, ஆக்களும் இல்லை. ஆக ஒரு வித்தியாசம்தான்."

இதற்குப் பிறகு இருவரும் ஒரே குரலில் தங்கள் ஊர்ச் சனத்தைத் திட்டுவார்கள். பக்கத்து வீட்டுக் கழகம் இழுத்துக்கொண்டு கிடக்க, அவர்கள் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து இங்கிலாந்துக் கழகங்களுக்கு விசிலடிக்கிறார்களாம். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்து, "எங்கட மைதானம் ஏன் இப்பிடிக் கிடக்கு?" என்று கேட்கிறார்களாம். கழகத்துக்கு ஆதரவு என்றால் வாயால் எல்லாரும் தருவார்கள். வாசல் சீட்டு வாங்கத்தான் ஆள் இல்லை.

அந்த இரண்டு பேரும் சேர்ந்து 'ஆதரவாளர் சங்கம், சுவிஸ் கிளை' என்று ஒன்று வைத்திருந்தார்கள். டெக்லன் தலைவர், ஓவன் பொருளாளர். கூரைக் கட்சிக்கும் மலசலகூடக் கட்சிக்கும் முரண்பாடு முற்றிய வாரங்களில் தலைவரும் பொருளாளரும் பேசிக்கொள்வதில்லை. ஆகவே இடையில் ஒரு செயலாளர் தேவைப்பட்டார். (இரண்டு பேர் உள்ள அமைப்பில் இரண்டு பிரிவு என்று நான் சிரிக்கவில்லை. எங்கள் விடுதியில் எட்டுப் பேர், ஒன்பது பிரிவு.)

என் வாழ்க்கையின் முதல் பதவி அது. வீட்டுக்கு எழுதினேன். கடிதத்தை யாரோ வாசித்துக் காட்ட, அப்பா சந்தையில் போய், மகனுக்கு அயர்லாந்து அரசாங்கத்தில் வேலை என்று ஏலத்துக்கு நடுவில் அறிவித்துவிட்டார்.

செயலாளர் என்றால் ஏதாவது செய்ய வேண்டுமே. நான் சொன்னேன்: "எங்கட ஊரிலை பள்ளிக்கூடத்துக்குப் பவிலியன் கட்டுறதெண்டால் ஒரு கூட்டம் வைப்பம். பெரிய மனிசரைக் கூப்பிடுவம், ரோல்ஸ் விப்பம், காசு சேரும்."

"சேருமோ?" என்றார் ஓவன்.

"பவிலியனே கட்டியிருக்கினம்," என்றேன். (அரைவாசி. மிச்சம் இன்னும் அத்திவாரத்தில் நிற்கிறது.)

பரிசோதகருக்குக் காட்ட முதலில் ஒரு சிறு தொகையும், பெரிய இடத்து ஆதரவு உண்டு என்ற நம்பிக்கையும் வேண்டும் என்பது டெக்லனின் கணக்கு. கூட்டத்துக்கு மண்டபம் எடுத்தோம். நோட்டீஸ் என் பொறுப்பு. அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு ஜெர்மன் மொழியில் எழுதினேன். நோட்டீசின் தலையில் ஒரு தெய்வம் இருக்கவேண்டும் என்பது முறை. போதகர் முன்னிலை வகிக்கும் கூட்டத்துக்குப் பிள்ளையார் பொருந்தாது என்று, ஊரின் இலச்சினையான கலப்பையையும் மீனையும் கவனமாக வரைந்துவிட்டேன். மீனின் செதில் எல்லாம் தெளிவாக வந்திருந்தது.

சிவபாதம் அண்ணை அதை வாங்கிப் பார்த்தார். அவர் எங்கள் சாப்பாட்டுக்கூடத்தில் சமையலுக்கு உதவி. ஊரில் இருந்தபோது எந்தக் கூட்டத்திலும் பின்வரிசையில் இருந்து கைதட்டுவதோடு சரி.

"தம்பி, உவையிட்டைக் கேட்டனியோ?"

"என்னத்தை?"

"பேர் போடலாமோ எண்டு."

"கேட்டால் 'எனக்கேன் காணும்' எண்டுதான் சொல்லுவினம். அது அடக்கம். ஆக்களின்ர அடக்கத்தைப் பாத்துக்கொண்டு நிண்டால் நோட்டீஸ் அடிக்கேலாது, அண்ணை."

இதுதான் தர்க்கவியல். அண்ணை உருளைக்கிழங்கு அவிக்கப் போய்விட்டார். நான் நோட்டீசைப் பிரதியெடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பெயர் போட்ட ஒவ்வொருவருடைய கடிதப் பெட்டியிலும் பணிவோடு போட்டேன். ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. சுவிஸில் ஒருவர் எதற்கும் உடனே பதில் சொல்வதில்லை, ஆற அமர விசாரித்துவிட்டுத்தான் சொல்வார் என்பது எனக்குத் தெரியாது.

டெக்லன் நோட்டீசைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார்.

"ஊர்த் தலைவரோ? பாங்கு மனேஜரோ? எங்கட டிரெக்டரோ? ஐசே, இவையள் எல்லாம் வருகினமோ?"

"பேர் போட்டிருக்குத்தானே."

"வருகினமோ எண்டு கேட்டனான்."

"நோட்டீசிலை பேர் போட்டிருக்கு," என்றேன், இதைவிட ஒரு மனிதனால் என்ன உறுதி தரமுடியும் என்ற தோரணையில்.

டெக்லன் கேட்டது ஒரு கேள்வி, நான் சொன்னது ஒரு பண்பாடு. அவர் அதை 'ஓம்' என்று எடுத்துக்கொண்டு, ஒரு பிரதியை விரைவுத் தபாலில் தன் கழகத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஜெர்மன் தெரிந்த ஓர் ஆசிரியை அதைச் செயற்குழுவுக்கு வாசித்துக் காட்டினாராம். இவை ஒன்றும் எனக்கு அப்போது தெரியாது. நான் மேடைக் கதிரைகளுக்குப் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தன்று, பெரிய மனிதர்கள் வழியில் இருப்பார்கள் என்று எங்கள் முறைப்படி ஒரு மணித்தியாலம் பிந்தித் தொடங்கினேன். வயோதிபத் தம்பதி அதற்குள் இரண்டு சுற்று ரோல்ஸ் முடித்துவிட்டார்கள். கண்ணாடிப் பெண்மணி மட்டும் நோட்டீசில் போட்ட நேரத்துக்கே வந்து, கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அமர்ந்திருந்தார். அவர் ஆரம்பப் பாடசாலைத் தலைமை ஆசிரியையாக இருப்பார், அடக்கத்தால் கீழே இருக்கிறார் என்று முடிவுகட்டி, அவரைப் பார்த்து இரண்டு முறை தலைவணங்கினேன்.

பிறகு வரவேற்புரை. முறை என்றால் முறை. வெறுங்கதிரைகளின் பக்கம் திரும்பி, "மாண்புமிகு தலைவர் அவர்களே, மதிப்புக்குரிய போதகர் அவர்களே, வங்கி முகாமையாளர் அவர்களே," என்று வரிசையாக விளித்தேன். நான் விளிக்க விளிக்க அந்தப் பெண்மணியின் தலை கதிரை கதிரையாகத் திரும்பியது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் கையில் இருந்த நோட்டீசில் பென்சிலால் ஒரு கீறு.

அடுத்தது டெக்லனின் உரை. அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் ஜெர்மனில் மொழிபெயர்த்தேன். கதிரைகள் வெறுமையாக இருந்தது அவரைக் கொஞ்சம் கலக்கியதுதான். ஆனால் நான் இவ்வளவு திருத்தமாக விளித்ததைப் பார்த்துவிட்டு, சுவிஸில் பெரிய மனிதர்கள் கடைசியில்தான் வருவார்கள் போலும் என்று நினைத்தாராம்.

"எங்கட சனம் ஆரையும் லேசிலை நம்பாது," என்றார் டெக்லன். "ஆனா இந்த ஊர்த் தலைவரும் பாங்கும் தொழிற்சாலையும் ஒண்டாய்ச் சேர்ந்து எங்களுக்கு முன்னிலையிலை நிக்கிறதைக் கண்டிட்டு, எங்கட செயற்குழு ஒரு முடிவு எடுத்திருக்கு."

மொழிபெயர்த்தேன்.

"புதுக் கூரை நிச்சயம் எண்டபடியா, நேற்று ஊரெல்லாம் கூடிக் கயிறு கட்டி இழுத்து, பழைய கூரையைக் கழட்டிப்போட்டுதுகள். பழைய இரும்பு வாங்கிறவன் ஏத்திக்கொண்டும் போட்டான்."

நான் மொழிபெயர்க்கவில்லை.

சமையலறைக் கதவடியில் இருந்து சிவபாதம் அண்ணை எட்டிப் பார்த்தார். "ஏன் தம்பி நிப்பாட்டிப்போட்டாய்? அவர் என்ன சொல்லுறார்?"

"கூரையைக் கழட்டிப்போட்டினமாம்."

"எந்தக் கூரை?"

"இருந்த கூரை."

அண்ணை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த நேரம்தான் முன்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அந்தப் பெண்மணி எழுந்து, தான் ஊர்க் காரியாலயத்து எழுத்தர் என்று அறிமுகப்படுத்திக்கொண்டார். எனக்கு விளங்கவேண்டும் என்று நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"எங்கள் தலைவர் இப்போது வீட்டில் இருக்கிறார். ஆனால் அவர் இங்கே தலைமை தாங்கிக்கொண்டிருப்பதாக உங்கள் நோட்டீஸ் சொல்கிறது. இரண்டில் எது சரி என்று பார்த்து வரும்படி என்னை அனுப்பியிருக்கிறார்."

டெக்லனுக்கு ஜெர்மன் அரைகுறைதான், ஆனால் அந்த அரைகுறை போதுமாயிருந்தது. மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"இவையள் வருவினம் எண்டு நீர் சொன்னனீர்."

"பேர் போட்டிருக்கெண்டுதான் சொன்னனான்."

"வராத ஆக்களின்ர பேரை ஏன் காணும் போட்டனீர்?"

"மரியாதைக்கு."

டெக்லன் ஊர்த் தலைவரின் கதிரையில் நான் ஒட்டியிருந்த பெயரை வாசித்தார். பிறகு கோபம்கூட இல்லாத ஒரு குரலில் சொன்னார்: "ஐசே, என்ர அப்பர் பொடியனா இருக்கேக்கை போட்ட கூரை. உம்மட மரியாதையை நம்பிக் கழட்டிப்போட்டாங்கள்."

வயோதிபர் மனைவியிடம், இப்போதாவது எண் வாசிக்கப்போகிறார்களா என்று கேட்டார்.

அடுத்த நாள் மன்னிப்புக் கேட்க ஊர்த் தலைவரிடம் போனேன். அவருக்குத் தலைவர் பதவி பின்னேரத்தில்தான். பகலில் பாற்கட்டிக் கடை, சீஸ் வியாபாரம். வெள்ளை மேலங்கியோடு பெரிய வட்டப் பாற்கட்டி ஒன்றைக் கம்பியால் அறுத்துக்கொண்டிருந்தார். அகதி விண்ணப்பம், தொழிற்சாலை வேலை எல்லாம் அந்தக் கம்பிக்குக் கீழே கிடப்பதுபோல இருந்தது எனக்கு. எங்கள் வழக்கத்தை இயன்ற ஜெர்மனில் விளக்கினேன்: பெரியவர்கள் பெயர், மரியாதை, கதிரை.

அவர் அறுப்பதை நிறுத்தினார். "வராவிட்டாலும் பெயர் போடுவீர்களா?"

"ஓம்."

"எத்தனையோ வருடமாகத் தலைவராக இருக்கிறேன். இந்த ஊரில் நான் வந்த கூட்டத்துக்குக்கூட ஒருவரும் என் பெயரைப் போட்டதில்லை," என்றார். பிறகு, கெட்டியான தாளில் அந்த நோட்டீசின் ஒரு பிரதி கிடைக்குமா, மனைவிக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டார். அந்த மீனை யார் வரைந்தது என்றும் கேட்டார். நான் சந்தோஷமாக ஓடிவந்துவிட்டேன். அடுத்த வாரம், ஊர் இலச்சினையை அனுமதியின்றிப் பயன்படுத்தியதற்குக் கட்டணப் பத்திரம் வந்தது. கீழே அவருடைய கையெழுத்துத்தான். மரியாதை வேறு, கட்டணம் வேறு; அந்த நாட்டில் இரண்டும் ஒரே மேசையில் இருந்து சண்டை பிடிக்காமல் சாப்பிடும்.

டெக்லன் என்னுடன் பேசவில்லை. சாப்பாட்டுக்கூடத்தில் கோப்பையைக்கூட என் கையில் தராமல் சிவபாதம் அண்ணையிடம் கொடுப்பார். அண்ணை அதை எனக்குத் தருவார். பரிசோதகர் மறுபடி வரும் நாள் நெருங்க நெருங்க டெக்லன் மெலிந்துகொண்டு வந்தார். அக்கரைப் பாலம் அவர் கண்ணுக்கு முன்னாலேயே நின்றிருக்கவேண்டும். ஒரு பந்தையும் உதைக்காமலே ஒரு கழகத்தைத் தோற்கடித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

பரிசோதகர் வந்த அன்று பின்னேரம், ஓவன் ஊருக்குத் தொலைபேசி எடுத்தார். பேசி முடித்துவிட்டு வந்து, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றார்.

"மைதானம் பாஸ்," என்றார்.

"என்னெண்டு?" என்றார் டெக்லன்.

"ஆபத்தான கூரைக்கு முடிவு காணச் சொன்னவர். அண்ணாந்து பாத்தாராம், கூரையே இல்லை. கூரை இல்லாட்டி விழுறதுக்கும் ஒண்டும் இல்லைத்தானே. 'திறந்தவெளி இருக்கை' எண்டு எழுதிக் கையெழுத்து வைச்சிட்டுப் போட்டார்."

டெக்லன் எழுந்து என்னிடம் வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். கோப்பையை என் கையில் தந்தார்.

கழகம் சொந்த மைதானத்திலேயே ஆடியது. டெக்லனின் அப்பா பாலத்தைத் தாண்டாமலே, நனைந்துகொண்டு, எல்லா ஆட்டத்தையும் பார்த்தார். இரும்புக்காரன் கொடுத்த காசைச் செயற்குழு என்ன செய்தது என்றால், ஒரு மலசலகூடம் கட்டியது. பெண்களுக்குத் தனியாக, நல்ல ஓட்டுக் கூரையோடு. மைதானத்தில் கூரை என்று இருந்தது அது ஒன்றுதான் என்பதால், மழை நாட்களில் ஆதரவாளர்கள் முழுப்பேரும் அதன் இறவாரத்தில் ஒதுங்கி நின்றுதான் ஆட்டம் பார்த்தார்களாம். பெண்கள் உள்ளே போக வழிகேட்டுத் தள்ளவேண்டியிருந்ததாம். ஓவன் இதைத் தன் கொள்கையின் வெற்றி என்றார். டெக்லன் அது கூரைக்குக் கிடைத்த வெற்றி என்றார். மறுபடியும் இரண்டு கிழமை அவர்கள் பேசவில்லை. நான்தான் இடையில் ஓடித் திரிந்தேன்.

இப்போது வின்டர்தூரில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் யாராவது எதையாவது நிச்சயம் என்று சொன்னால், குழாய் திருத்துகிறவர் வருவார் என்றாலும் சரி, மச்சான் கடனைத் திருப்பித் தருவான் என்றாலும் சரி, என் மனைவி கேட்பது ஒரே கேள்விதான்: "வாறாராமோ, பேர் போட்டிருக்கோ?" பிள்ளைகள் அதைச் சுவிஸ் ஜெர்மனிலேயே சொல்வார்கள். இதைப் பள்ளிக்கூடம் வரை கொண்டுபோய்விட்டார்கள் என்று அண்மையில்தான் தெரியவந்தது. ஓர் ஆசிரியை என்னிடம் மிகவும் மரியாதையாக, பெற்றோர் கூட்டத்துக்கு நேரிலேயே வருவீர்களா என்று கேட்டார்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ரோல்ஸ் விற்ற காசு மண்டப வாடகைக்கும், பிந்திப் பூட்டியதற்காகக் காவலருக்கும் சரியாகப் போய்விட்டது. மீதி இலச்சினைக் கட்டணம். அதைச் சுவிஸ் கிளையின் தலைவர், பொருளாளர், செயலாளர் மூவரும் தங்கள் சட்டைப் பையில் இருந்து பங்கு போட்டுக் கட்டினோம். ஆகமொத்தம் அந்த அயர்லாந்துக் கூரையைக் கழற்ற எங்களுக்குப் பிடித்த செலவு: நாற்பத்திரண்டு பிராங், அறுபது ராப்பன்.